மூன்றாவது கிளாசில் சந்தன வாசனை

என் மூக்கைப் பற்றி ஒரு காலத்தில் எனக்கு ரொம்பக் கர்வம் இருந்தது. கண் சுமார், காது சுமார், சமையல் சுமாருக்கும் ஒரு படி கீழே (இந்த இடத்தில் என் கணவர் தலையாட்டுவார், கண்டுகொள்ள வேண்டாம்). மூக்கு மட்டும் முதல் தரம் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டு திரிந்தேன். அந்தச் சான்றிதழ் சுக்குநூறாகக் கிழிந்த ஒரு முற்பகலைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சில வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் இப்போது நினைத்தால்கூட காது மடல் சூடாகிறது.

கர்வத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் ஐந்து வருடம் இருந்தேன். மைதா மூட்டையைப் பிரித்து ஒரு தடவை முகர்ந்தால் போதும், அது மழையில் நனைந்து காய்ந்த மூட்டையா, எலி மருந்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த மூட்டையா என்று சொல்லிவிடுவேன். சரக்கு கொண்டுவரும் லாரிக்காரர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிறகு ஒரு நாள் கம்பெனியே இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. நானும் என் மூக்கும் திருத்தணியில் ஒரு மாடி வீட்டில் மிஞ்சினோம்.

எட்டு மாதம் வேலை இல்லை. காலையில் சென்னை போகும் ரயிலின் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. என் கணவர் முனிரத்தினம் (உறவில் எல்லோருக்கும் ரத்னம்) எனக்கு அத்தை மகன். பஸ் ஸ்டாண்டு பக்கம் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் குடும்பம் என்பதால் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் எனக்கு அவர் ‘பாவா’தான். அவர் தினமும் கடை சாத்திவிட்டு வந்து, “இன்னிக்கு எதுனா வந்துச்சா கௌரி?” என்று மட்டும் கேட்பார். வேலைக்கு அழைப்பு வந்ததா என்று அர்த்தம்.

ஒரு நாள் வந்தது. அமெரிக்காவிலிருந்து போர்பன் விஸ்கி இறக்குமதி செய்கிற ஒரு சென்னைக் கம்பெனி, ருசியும் வாசனையும் பார்க்க ஆள் தேடியது. பெரிய ஆலைகளில் நூற்றுக்கணக்கான பீப்பாய்களை ஒன்றாகக் கலப்பார்கள். இவர்கள் கொண்டுவருவது சில பீப்பாய்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கலந்த சின்ன பேட்ச் சரக்கு. அதனால் ஒரு பேட்ச் மாதிரி இன்னொன்று அச்சாக இருக்காது. எவ்வளவு மாறியிருக்கிறது, அது நல்ல மாற்றமா என்று சொல்ல மூக்கு வேண்டும். உணவுத் துறை அனுபவம் தேவை, குடிப்பழக்கம் இருக்கக் கூடாது என்று போட்டிருந்தார்கள். இரண்டிலும் நான் முழு மதிப்பெண். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை.

பாவாவிடம் சொன்னேன். “முழுங்குவியா, துப்புவியா?” என்றார். துப்ப வேண்டும் என்றேன். “அப்ப சரி” என்றார். அவர் அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொல்வதுதான் பிரச்சினை. அம்மா அம்மையார்குப்பத்தில் இருக்கிறாள், மாதம் தவறாமல் கிருத்திகை விரதம் இருப்பவள். பஸ்ஸில் குடித்தவன் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தால் எழுந்து ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வருவாள். விஷயம் தெரிந்தால் அவள் திட்டமாட்டாள். பேசாமல் இருந்துவிடுவாள். அந்தப் பேசாமையை என்னால் தாங்க முடியாது. அதனால் போனில் இப்படிப் போனது:

“இன்னா வேலைடி?”

“வாசனை பாத்து சொல்ற வேலைம்மா.”

“எத?”

“சோளத்துல செய்யிறது ஒண்ணு.”

“கஞ்சியா?”

“அந்த மாதிரிதான். மரப்பீப்பாய்ல ஊத்தி வருஷக்கணக்கா வெச்சிருப்பாங்க.”

“புளிச்சிப் பூடாது?”

“புளிக்க வெச்சிதாம்மா செய்யிறாங்க.”

கவனியுங்கள், ஒரு பொய்கூட இல்லை. போர்பன் என்றால் பாதிக்கு மேல் சோளம் இருக்க வேண்டும் என்பது சட்டம். உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும் என்பதும் சட்டம். நான் அம்மாவுக்கு அமெரிக்கச் சட்டத்தையே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டேன்.

அடுத்த மூன்று வாரம் பயிற்சி. இணையத்தில் விஸ்கி ருசி பார்ப்பவர்களின் வீடியோக்களை எல்லாம் பார்த்துத் தள்ளினேன். ஒருவர் கிளாசை முகர்ந்துவிட்டு கண்ணை மூடி, “பதனிட்ட தோல்” என்றார். இன்னொருவர் “புகையிலை” என்றார். மூன்றாமவர் “செர்ரி” என்றார். எனக்கு மூன்றும் தெரியாது. செர்ரியை பேக்கரி கேக்கின் தலையில் பார்த்திருக்கிறேன், ஆனால் அது சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய் என்பது பிஸ்கட் கம்பெனிக்காரிக்குத் தெரியாதா? தோலுக்காக பாவாவின் இடுப்பு பெல்ட்டைக் கழற்றச் சொல்லி காலையும் மாலையும் முகர்ந்தேன். புகையிலைக்காக முனைக் கடையில் ஒரு கட்டு பீடி வாங்கினேன். “யாருக்கும்மா?” என்று கடைக்காரர் கேட்டார். பெருமையாக “எனக்குத்தான்” என்றேன். அது சாயங்காலத்துக்குள் பாவாவின் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

துப்பும் பயிற்சிக்குப் பால் சேர்க்காத டீ. ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, மென்று, பக்கத்தில் வைத்திருந்த சொம்பில் துப்ப வேண்டும். நான் டம்ளரை முகர்வதும் துப்புவதுமாக இருந்த ஒரு நேரத்தில் அம்மா படியேறி வந்துவிட்டாள். வாசலிலேயே நின்றாள். முகம் அப்படியே மலர்ந்தது.

“எத்தினி நாளாச்சி?” என்றாள்.

“ஐயோ அம்மா, அதெல்லாம் இல்ல. வேலைக்கு ட்ரெயினிங்.”

மலர்ந்த முகம் வாடுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொண்டுவந்த பையை இறக்கி வைத்துவிட்டு, “சரி போ. அந்தக் கஞ்சி வேலையாச்சும் கெடைக்கட்டும். கிருத்திகைக்கு மலை ஏறி உம் பேர்ல ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வரேன்” என்றாள்.

கம்பெனியில் எனக்குத் தேர்வு வைத்தவர் நடராஜன் சார். முப்பது வருடமாக மதுவை முகர்ந்து பார்ப்பதே தொழில். மெலிந்த ஆள், மெதுவான பேச்சு. சென்னை அலுவலகத்துக்கு வரச் சொல்லி, மூன்று சின்ன பாட்டில்களை என்னிடம் கொடுத்தார். பெயர் கிடையாது, எண்கள் மட்டும்: 274, 631, 518.

“இதுல ரெண்டு பாட்டில்ல இருக்கறது ஒரே பேட்ச். ஒண்ணு மட்டும் வேற. எது வேற, எப்படி வேறன்னு சொல்லணும். அடுத்த வாரம் வீடியோ கால்ல நான் பார்த்துட்டிருக்கும்போது நீங்க ருசி பார்ப்பீங்க. ரூம்ல வேற எந்த வாசனையும் இருக்கக் கூடாது, அது ரொம்ப முக்கியம். இதுல தேறிட்டா அடுத்த மாசமே வேலை.”

அவர் குறித்துக் கொடுத்த நாள் கிருத்திகை. அம்மாவின் அர்ச்சனையும் என் தேர்வும் ஒரே காலையில் வருவது நல்ல சகுனம் என்றுகூட நினைத்தேன் (இப்படியெல்லாம் நினைத்த காலம் அது).

அறையை நான் தயார் செய்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு நாளாக வீட்டில் ஊதுவத்தி இல்லை. சாம்பிராணி இல்லை. தாளிப்பு இல்லை, வெறும் தயிர் சாதம்தான். என் தலைக்கு எண்ணெய் இல்லை, பூ இல்லை. ஜன்னல் திரையைத் துவைத்து, சோப்பு வாசனை போக இரண்டாவது தடவை வெறும் தண்ணீரில் அலசினேன். நாட்காட்டி அச்சு மை வாசனை அடிக்கிறது என்று அதையும் கழற்றி வெளியே வைத்தேன். பாவா, “செவுத்த இன்னா பண்ணப் போற?” என்று கேட்டார். சுவரையும் ஈரத் துணியால் துடைத்திருந்தேன்.

அன்று விடியற்காலை பாவா அம்மாவை அழைத்துக்கொண்டு மலைக்குப் போனார். பதினொரு மணிக்குத் தேர்வு. பத்தேமுக்காலுக்குப் படியில் காலடி கேட்டது. கதவைத் திறந்தேன்.

பாவாவுக்குத் தலையில் ஒரு முடி இல்லை. நெற்றி தொடங்கிப் பிடரி வரை சந்தனத்தை அப்பியிருந்தார்கள். அது இன்னும் காயவில்லை.

“இன்னா பாவா இது!”

“அத்த வேண்டிகினாங்க.”

“வேலை எனக்கு, மொட்டை உங்களுக்கா?”

“உனக்கு மொட்டை போட்டா வீடியோல நல்லா இருக்காதுல்ல?” என்றார் அவர். அவருக்கு நல்ல அடர்த்தியான முடி. வாரத்துக்கு ஒரு தடவை அதைக் கண்ணாடியில் பார்த்து ஆறுதல் அடைகிற மனிதர். அம்மா என் முகத்தைப் பார்க்காமல், “வேண்டுதல்னா வேண்டுதல்தான். நீ உள்ள போ, நேரமாச்சி” என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

சண்டை போட நேரமில்லை. கணினியைத் திறந்தால் வீட்டு இன்டர்நெட் செத்திருந்தது. என் போனிலும் சிக்னல் இல்லை, கிருத்திகைக் கூட்டத்தில் ஊரே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம். பாவாவின் போனில் மட்டும் ஜன்னலோரம் ஒரு கோடு, சில சமயம் இரண்டு கோடு வந்தது. அதிலிருந்து கணினிக்கு இணைப்பு எடுத்தேன். அதையும் யாராவது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கையில் பிடித்தபடி இருக்க வேண்டும். மேஜையை ஜன்னலுக்கு இழுத்தோம். பாவா கணினியின் கேமராவில் படாமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். “அசையாதீங்க” என்று சொல்லிவிட்டு மூன்று கிளாஸ்களிலும் ஊற்றினேன்.

நடராஜன் சார் திரையில் வந்தார். வணக்கம் சொன்னேன்.

முதல் கிளாஸ், 274. நிறம் நீர்த்த வெல்லப்பாகு மாதிரி. சுழற்றினால் கண்ணாடியில் மெல்லிய கோடுகளாக வழிந்து இறங்கியது. வாயைக் கொஞ்சம் திறந்தபடி முகர்ந்தேன். சுட்ட சோளம், கருகிய சர்க்கரை, அடியில் லேசாகப் பட்டை. வீடியோக்காரர்கள் சொன்ன தோலும் புகையிலையும் எங்கேயும் காணோம். ஒரு வாய் எடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாக்கு முழுக்கத் தீப்பிடித்து, அப்புறம் அந்தத் தீ அடங்கி, ஒரு இனிப்பு மட்டும் நின்றது. எனக்கு அது பிடித்திருந்தது, அதை ஒத்துக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது. துப்பினேன்.

இரண்டாவது கிளாஸ், 631. கிட்டத்தட்ட அதே. எனக்குள் சந்தோஷம் பொங்கியது. இரண்டும் ஒன்று என்றால் மூன்றாவதுதான் வேறு. இன்னும் முகராமலேயே விடை கிடைத்துவிட்டது.

அப்போது நடராஜன் சாரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. சிக்னல் போகிறது. பாவா தரையிலிருந்து மெதுவாக நகர்ந்து எனக்கு நெருக்கமாக வந்து, மேஜை விளிம்புக்குச் சரியாகத் தலையைக் குனிந்துகொண்டு போனை ஜன்னல் கம்பியில் ஒட்டிப் பிடித்தார். முகம் மறுபடி தெளிந்தது. நான் மூன்றாவது கிளாசை, 518-ஐ, மூக்கருகே கொண்டுபோனேன்.

மற்ற இரண்டிலும் இல்லாத ஒன்று அதில் கும்மென்று வந்தது.

“518-தான் சார் வேற” என்றேன்.

“எப்படி வேற?”

“இதுல சந்தனம் இருக்கு சார்.”

“சந்தனமா?”

“ஆமா சார். காய்ஞ்ச கட்டை இல்ல, அரைச்ச சந்தனம். ஈரமா இருக்கற மாதிரி.”

அவர் தன் முன்னால் ஊற்றி வைத்திருந்த அதே 518-ஐ எடுத்து முகர்ந்தார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி முகர்ந்தார். “எனக்கு வரலையேம்மா.”

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி வாயை மூடியிருப்பாள். நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். “அவசரமா இழுக்காதீங்க சார். வாயக் கொஞ்சம் திறந்து வெச்சுகிட்டு மெதுவா இழுங்க.” முப்பது வருடம் இதையே செய்துகொண்டிருக்கிற மனிதர், பாவம், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக இழுத்தார். இல்லை என்று தலையாட்டினார்.

“பன்னீர்கூட லேசா வருது சார்.”

“பன்னீரா?”

“நல்லாவே வருது. பீப்பாய்ல ஓக் மரத்தோட சந்தன மரமும் ஒரு பலகை சேத்திருப்பாங்கன்னு நெனைக்கிறேன்.”

“கென்டக்கியிலயா?”

“நம்ம ஊர்லேர்ந்து வாங்கியிருப்பாங்க சார்.”

நான் இவ்வளவு அழுத்தமாகச் சொன்னதில் பாவாவுக்கே ஆசை வந்துவிட்டது. மனைவி கண்டுபிடித்த வாசனையை ஒரு தடவை தானும் பார்க்க வேண்டும் என்று, “எங்க கௌரி, நானும் ஒரு வாட்டி பாக்கறேன்” என்று கிசுகிசுத்தபடி மேஜைக்கு மேல் எழுந்தார். முகம் வரவில்லை. குனிந்த தலைதான் முதலில் வந்தது. திரை முழுக்க மஞ்சளாக, வழவழவென்று, ஒரு மொட்டைத் தலை.

சென்னையில் நடராஜன் சார் கிளாசைக் கீழே வைத்தார்.

“யாரும்மா அது?”

“எங்க வீட்டுக்காரர் சார்.”

“தலையில என்ன?”

நான் திரும்பி, அன்று காலையில் முதல்முறையாக, என் கணவரின் தலையை முகர்ந்தேன்.

“சந்தனம் சார்.”

“அரைச்சதா?”

“ஆமா சார்.”

“பன்னீர் விட்டு?”

பாவாதான் பணிவாகச் சொன்னார்: “ஆங், பன்னீர் வுட்டுதான் சார் பூசுனாங்க.”

நடராஜன் சார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “வேற பேட்ச் 274ம்மா. முதல் கிளாஸ்” என்றார். அப்போது சிக்னல் நிஜமாகவே போய்விட்டது.

பலமுறை யோசித்திருக்கிறேன், நாட்காட்டியின் மை வாசனையைக்கூடக் கண்டுபிடித்துக் கழற்றி வைத்தவள், ஒரு முழம் தூரத்தில் இருந்த ஈரச் சந்தனத்தை எப்படி விட்டேன்? சந்தனம் வாசனைகளின் பட்டியலிலேயே எனக்கு இல்லை, அதுதான் பதில். எங்கள் ஊரில் பஸ்ஸில், டீக்கடையில், ரேஷன் வரிசையில், எங்கே நின்றாலும் முன்னால் ஒரு சந்தனத் தலை இருக்கும். பிறந்ததிலிருந்து அந்தக் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். வெளியூர்க்காரருக்கு அது வாசனை, எனக்கு அது வெறும் காற்று. அந்தக் காற்று ஒரு விஸ்கி கிளாசுக்குள்ளிருந்து வந்தபோதுதான் என் மேதாவி மூக்கு அதைக் கண்டுபிடித்தது.

ஆனால் அன்றைக்கு இவ்வளவு தெளிவெல்லாம் இல்லை. பாவா குளியலறைக்குள் போய் சீயக்காய், சோப்பு, எலுமிச்சம்பழம் என்று ஒன்று விடாமல் தேய்த்துத் தலையைக் கழுவிக்கொண்டிருந்தார். “நாந்தான் கெடுத்துட்டன், நாந்தான் கெடுத்துட்டன்” என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவரைத் திட்ட மனசு வரவில்லை. சமையலறை வாசலில் அம்மா நின்றாள்.

“கெடச்சிதா?”

எட்டு மாதத்து ஆத்திரம் மொத்தமும் அவள்மேல் இறங்கியது. “யாரு உன்ன மொட்டை போடச் சொன்னது? அர்ச்சனைன்னுதானே சொல்லிட்டுப் போன? உன் வேண்டுதலாலதான் என் வேலை போச்சி!” என்று கத்தினேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எதற்கு நான் பயந்தேனோ அந்தப் பேசாமைதான். பையை எடுத்துக்கொண்டாள். வாங்கி வந்த பிரசாதத்தை மேஜையில், அந்த மூன்று கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தாள். படியிறங்கி பஸ் ஏறப் போய்விட்டாள். கத்திய வார்த்தையைத் திரும்ப எடுக்க முடிந்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன் என்று அன்று சாயங்காலமே தோன்றியது. போன் செய்யத்தான் வாய் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து நடராஜன் சாரே கூப்பிட்டார். “எப்படி மோந்து பார்க்கணும்னு எனக்கு இதுவரைக்கும் யாரும் சொல்லிக் குடுத்ததில்லம்மா” என்றார். எனக்குச் சாகலாம் போலிருந்தது. “வியாழக்கிழமை ஆபீசுக்கு வாங்க. இன்னொரு தடவை பார்க்கலாம்” என்றவர், கொஞ்சம் நிறுத்தி, “தனியா வாங்க” என்றார்.

போனேன். இந்தத் தடவை கிளாசைத் தொடாமல் நாற்காலியில் சும்மா உட்கார்ந்து சுற்றியிருந்த காற்றை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தேன். அடிபட்ட நாய் மாதிரி ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தயங்கித் தயங்கி, “சார், இந்த ரூம்லயும் ஒரு வாசனை இருக்கு” என்றேன்.

“இருக்காதே. சோதிக்கறதுக்குன்னே கட்டின ரூம்.”

“புது ரெக்சின் வாசனை சார், அந்தச் செயற்கைத் தோல். நாற்காலிக்கெல்லாம் உறை மாத்தியிருக்கீங்களா?”

அவர் எழுந்து போய், போன மாதத்து அறிக்கைகளை எடுத்து வந்து புரட்டினார். அவரும் இன்னும் நான்கு நிபுணர்களும் ருசி பார்த்து எழுதியவை. எல்லா பேட்சிலும், எல்லோர் கையெழுத்திலும், ஒரே குறிப்பு இருந்தது: பதனிட்ட தோல். நாற்காலிகளுக்கு உறை மாற்றியதும் போன மாதம்தான். அவர் முதல்முறையாகச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

அன்றைக்கு மூன்று கிளாசில் எது வேறு என்று சரியாகச் சொன்னேனா என்று கேட்பீர்கள். இல்லை. அன்றும் தப்புதான். ஆனாலும் வேலை கொடுத்தார்கள், விஸ்கியை முகர்வதற்கு அல்ல, அறையையும் அதற்குள் வரும் ஆட்களையும் முகர்வதற்கு. சென்ட் போட்டவர், காபி குடித்தவர், மல்லிகை வைத்தவர் எல்லோரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். கிளாசைத் தொட விட ஒரு வருடம் ஆயிற்று.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், மொட்டைக்காக அவளைக் கத்தியதற்கு. “சரி வுடு” என்றாள். வேலை விவரத்தை வழக்கம் போல அரைகுறையாகவே சொன்னேன். வாரத்துக்கு ஒரு தடவை போனில், “கஞ்சி எப்டி போய்கினுகீது?” என்று கேட்பாள். “நல்லா போவுதும்மா” என்பேன்.

இப்படி ஒரு வருடம் ஓடியது. பள்ளிப்பட்டில் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் நான், ஒரு பக்கம் பாவா, ஒரு பக்கம் அம்மா. எதிர் வரிசையிலிருந்து ஒரு சித்தி, “கௌரி மெட்ராஸ்ல இன்னா வேலை பாக்குது?” என்று கேட்டார். நான் பீப்பாய், சோளம் என்று ஆரம்பிக்க வாயைத் திறப்பதற்குள் அம்மா பாயசத்தை அப்பளத்தோடு பிசைந்தபடியே சொன்னாள்:

“விஸ்கி கம்பெனில. வாயில ஊத்தி நல்லதா கெட்டதான்னு சொல்லணும். முழுங்க மாட்டா, துப்பிடுவா.”

எனக்குப் புரையேறியது. பாவா தலையில் தட்டிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உனக்கு எப்படிம்மா?” என்றேன்.

“அன்னிக்கி மலை மேல வரிசைல நின்னுகினு இருந்தோம். இன்னா வேலைக்குன்னு சாமிகிட்ட சரியா சொல்லணும்ல? ரத்னத்த கேட்டன். சாமிக்கு எதுர்ல பொய் சொல்லுவானா அவன்? சொல்லிட்டான்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? இம்மாம் பெரிய விஷயத்துக்கு வெறும் அர்ச்சனை போதுமா? எல்லாரும் மொட்டை போட்டுகினு சாமி பாப்பாங்க. நாங்க சாமி பாத்துட்டு வந்து மொட்டை போட்டோம். சந்தனத்த நல்லா அப்பச் சொன்னேன். சாமி கோவம் ஆறட்டும்னு.”

நான் பாவாவைப் பார்த்தேன். “எதுக்கு மொட்டைன்னு உங்களுக்கும் தெரியுமா?”

“தலை என்னுது. எனக்குத் தெரியாம எப்டி?” என்றார்.

அப்படியானால் நான் அந்த ஒரு சொல்லை மறைக்காமல் இருந்திருந்தால் மொட்டை இல்லை, சந்தனம் இல்லை, நடராஜன் சாருக்கு நான் பாடம் எடுத்ததும் இல்லை. தப்பு எங்கேயிருந்து கிளம்பியது என்று அந்தப் பந்தியில்தான் எனக்கு உறைத்தது. அன்று அவ்வளவு கத்தினேனே, அப்போதும் எல்லாம் தெரிந்துதான் அம்மா பேசாமல் படியிறங்கிப் போயிருக்கிறாள். இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது.

“அன்னிக்கே ஏம்மா என்ன ஒரு வார்த்த கேக்கல?”

அம்மா பாயசம் வழிந்து ஓடாதபடி என் இலையை நேராக்கிவிட்டு, “நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தன்டி” என்றாள். அதில் கோபம் இல்லை. அதனால்தான் இன்றுவரை வலிக்கிறது.

அந்தப் பந்தியில் இருந்த அத்தனை பேரும் இதைக் கேட்டுவிட்டார்கள். கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் உறவில் யார் எதை மறைப்பதாகச் சந்தேகம் வந்தாலும் முதலில் வருகிற வார்த்தை, “உண்மைய சொல்லிடு, இல்லன்னா ரத்னத்துக்குத்தான் மொட்டை” என்பதுதான். போன மாதம் என் அக்கா மகள், கூடப் படித்த ஒரு பையனைப் பிடித்திருப்பதை ஒரு வாரமாக மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள். யாரும் மிரட்டவில்லை. பாவா தலையை வாரிக்கொண்டே அந்தப் பக்கம் போனார், அவ்வளவுதான். அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பாவம் சித்தப்பா” என்று பெருமூச்சுவிட்டு, அவளே எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.